டெனிஸ் சார் திருத்திய பையன்

பின்கதவில் ஏதோ உரசியது. சர்ர்ர்… சர்ர்ர்… அப்புறம் புஸ்ஸென்று ஒரு நீளப் பெருமூச்சு.

இருட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பிரின்ஸி கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, கேஸ் சிலிண்டரைக் காலாலேயே உருட்டிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருந்தது, போன மழையில் துருப்பிடித்துக் கழன்று விழுந்துவிட்டது.

“என்னங்க, கேக்குதா? காட்டுமாடு.”

“காத்துடி” என்றான் டெனிஸ், சாக்ஸுக்குள் காலை நுழைத்தபடி.

“காத்து மூச்சு விடுமா?”

“பெருமாள்மலைக் காத்து விடும்.”

“பச்சைப்பிள்ளையை வச்சிக்கிட்டு எனக்குக் குலை நடுங்குதுங்க. தாழ்ப்பாளை எப்பப் போடுவீங்க?”

“ஞாயித்துக்கிழமை.”

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவன் சொன்னதே கிடையாது. பக்கத்து வீட்டு செபாஸ்டின் கேரம் போர்டில் பவுடர் தூவிக் காத்திருப்பான். டெனிஸ் முன்வாசல் வழியாகப் பறந்துவிட்டான்.

டெனிஸ் பெருமாள்மலையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் கொடைக்கானல் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோள வாத்தியார். நிம்மதியாக இருந்த மனிதன். அந்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கித்தேரி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வாத்தியார்களும் படிக்க வேண்டுமாம். வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆன்லைன் வொர்க்‌ஷாப் முடித்து, கிரெடிட் சேர்க்க வேண்டுமாம். சேர்க்காதவர்கள் ஞாயிறுதோறும் ஹாஸ்டல் பிள்ளைகளுக்குக் காவல்.

டெனிஸ் ஒரே ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தான். பாடத்தைக் கேட்க வேண்டும். தன் வகுப்பிலிருந்து ஒரு மாணவனைப் பற்றி எழுத வேண்டும். எங்கெங்கோ இருக்கிற டீச்சர்கள் யோசனை சொல்வார்கள். அதைச் செய்து பார்த்து மறுபடி எழுத வேண்டும். நைசாக எழுந்து போகவும் வழியில்லை. அடிக்கடி ஒரு பெட்டி முளைத்து, ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். அமுக்காவிட்டால் கிரெடிட் காலி.

“பிரின்ஸி, நீ கான்வென்ட்ல படிச்சவ. உன் இங்கிலீஷ் முன்னாடி என் இங்கிலீஷ் நிக்குமா? என் பேர்ல நீயே உக்காரேன்.”

“உக்காந்தா தாழ்ப்பாள் வருமா?”

“ஞாயித்துக்கிழமை!”

பிரின்ஸி உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் விசித்திரங்கள் ஆரம்பித்தன. ஒருநாள் டெனிஸ் ஏதோ ஞாபகத்தில் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டான்.

“அடடா! நீங்களாவே எடுத்துப் போட்டீங்களே! ரொம்ப நல்லாருக்குங்க!”

டெனிஸ் திரும்பிப் பார்த்தான். கிண்டலா? முகத்தில் கிண்டல் இல்லை. மறுநாள் பாராட்டு மறுபடி வருகிறதா என்று பார்ப்பதற்காகவே தட்டை எடுத்தான். வந்தது. டம்ளரையும் எடுத்தான். குழந்தையின் துணியை அலசினான். அதற்கு ஒரு ஆம்லெட்டே வந்தது.

தாழ்ப்பாளுக்கும் அவள் கத்தவில்லை. “இன்னைக்குக் கதவைச் சும்மா பாத்துட்டு மட்டும் வாங்க” என்றாள். பார்த்தான். “நாளைக்கு அளவு மட்டும் எடுங்க.” எடுத்தான். எடுத்து முடித்ததும் களைப்பாக இருந்ததால் கேரம் ஆடப் போனான்.

“ஏலே செபாஸ்டின், பொண்டாட்டி திட்டுறதை நிறுத்திட்டா என்னடா அர்த்தம்?”

செபாஸ்டின் சிவப்புக் காயைக் குறிபார்த்தான். “ரெண்டு இருக்கு. ஒண்ணு, அவளுக்கு உடம்பு சரியில்ல.”

“ரெண்டாவது?”

“உனக்குச் சரியில்லாமப் போகப் போகுது.”

கம்ப்யூட்டர் முன்னால் அவள் தனியாகச் சிரிப்பது வேறு டெனிஸைக் குடைந்தது. எட்டிப் பார்ப்பான். “உங்க பாடம்தாங்க, படிக்கிறீங்களா?” என்பாள். படிப்பு என்றதும் ஆள் வாசலில் இருப்பான்.

ஒருநாள் சிஸ்டர் கித்தேரி கூப்பிட்டனுப்பினார்.

“டெனிஸ் சார், பிரமாதம்! உங்க பையனைப் பத்தி எழுதியிருந்ததைப் படிச்சேன்.”

எந்தப் பையன்? கேட்டால் குட்டு உடைந்துவிடும். “நன்றி சிஸ்டர். நல்ல பையன்.”

“நல்ல பையனா? மகா சோம்பேறின்னு எழுதியிருக்கீங்க.”

“சோம்பேறிதான் சிஸ்டர். ஆனா குணம் தங்கம்.”

“எந்தச் சோலி சொன்னாலும் ஞாயித்துக்கிழமைங்கிறானாமே?”

டெனிஸுக்கு எங்கேயோ லேசாக இடறியது. “இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான்.”

“ஆட்டம்னா மட்டும் சாக்ஸை மாட்டிக்கிட்டு ஓடிருவானாம்?”

டெனிஸ் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“பாராட்டினா தட்டை எடுத்துப் போடுறானாம். ஆம்லெட் கொடுத்தா துணி அலசுறானாம். அந்தப் பையனை நான் பாக்கணுமே.”

“அவன்… இன்னைக்கு லீவு சிஸ்டர்.”

“லீவா? எதிர்லதானே நிக்கிறான்.”

டெனிஸ் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தான்.

“பிரின்ஸிக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவ நான். அவ நடை எனக்குத் தெரியாதா? கிரெடிட் எல்லாம் ரத்து. முதல் பாடத்துலேர்ந்து நீங்களே உக்காருங்க.”

பஸ்ஸிலிருந்து இறங்குமுன் டெனிஸுக்குக் கோபம் போய் யோசனை வந்துவிட்டது. கடையில் புத்தம் புதுத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கிக்கொண்டு, பொழுதிருக்கவே வீட்டுக்குள் நுழைந்தான்.

“பிரின்ஸி, நடந்தது நடந்துபோச்சு. இன்னும் ஒரே ஒரு தடவை நீயே உக்காரு. இங்கிலீஷை மட்டும் கொஞ்சம் தப்புந் தவறுமா எழுது. நான்தான்னு சிஸ்டர் நம்பிருவாங்க.”

அவள் முடியாது என்று சொல்லவில்லை. கையிலிருந்ததைப் பார்த்தாள். “முதல்ல அதை வெரசா மாட்டுங்க. அப்புறம் சொல்றேன்.”

படிந்துவிட்டாள் என்று டெனிஸுக்கு ஒரே குஷி. துளை போட்டான், ஸ்க்ரூவை முடுக்கினான். “ஸ்க்ரூ எவ்வளவு நேரா எறங்குது பாரு பாப்பா!” என்று குழந்தையிடம் சொன்னாள் பிரின்ஸி. அதற்காகவே தேவையில்லாத இடத்திலும் ஒன்றை முடுக்கினான்.

“இப்ப வெளிய நின்னு தள்ளிப் பாருங்க.”

வெளியே போய் நின்றான். கதவில் கையை வைத்துக்கொண்டு, “அதுக்கு முன்னாடி சொல்லு. நாளையிலேர்ந்து நீ உக்காருவேல்ல?” என்றான்.

“உக்காருவேன். என் பேர்ல. வர்ற வருஷம் மூணாங்கிளாஸுக்கு டீச்சரா சிஸ்டர் என்னை எடுத்திருக்காங்க.”

“எப்ப பேசுனே? அப்ப என் பாடம்?”

“முன்வாசல் தெறந்துதான் கெடக்கு, சுத்தி வாங்க. கம்ப்யூட்டரைப் போட்டு வச்சிருக்கேன்.”

பூகோள வாத்தியார் படியில் காலை வைப்பதற்குள் கதவு மூடியது. அவன் மாட்டிய தாழ்ப்பாள், வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி, உள்பக்கம் அழகாகப் போய் விழுந்தது.