மான்சொக்குக்கு ஒரு தம்பி

"ஒரு கட்டில்னு தப்பாப் பதிவாயிருக்கு. எங்களுக்கு ரெண்டு கட்டில்தான் வேணும்" என்று மான்சொக் சொன்னபோது, முதுகுக்குப் பின்னால் உக்ஜின் மூச்சை இழுத்துப் பிடித்தது அவனுக்கு நன்றாகவே கேட்டது.

வரவேற்பு மேசைப் பெண் கணினியைப் பார்த்தாள். பிறகு இருவரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

"தப்பெல்லாம் இல்ல சார். கடல் தெரியற ரூம், பெரிய கட்டில். பூவும் வச்சிருக்கோம்."

"பூவா? எதுக்குப் பூ?"

"உங்களுக்குத்தான்."

மான்சொக்குக்குக் காது மடல் வரை சிவந்தது. கேலி பண்ணுகிறாள், சந்தேகமே இல்லை. பக்கத்தில் பெட்டியோடு நின்ற ஒரு குடும்பம் வேறு திரும்பிப் பார்த்தது. தான் வசிக்கும் தேகூ நகரில் அவன் கணக்கு சொல்லிக் கொடுக்கும் டியூஷன் சென்டரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். அந்தக் குடும்பம் தேகூக் குடும்பமாக இருந்துவிட்டால்?

"எனக்குப் பூ ஒத்துக்காது. தும்மல் வரும்" என்றான் சத்தமாக. "இவர் என்னோட வேலை பாக்கறவர். ஆபீஸ் விஷயமா வந்திருக்கோம். ரெண்டு கட்டில் இல்லன்னா ரெண்டு ரூமாக் குடுத்துடுங்க."

"ரெண்டு ரூம் இல்லையே சார்..."

"அப்ப வேண்டாம்!"

வாசலுக்கு வந்த பிறகுதான் உக்ஜின் வாயைத் திறந்தான். வயதில் இளையவன் என்பதால் மான்சொக்கை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். குவாங்கல்லிக் கடற்கரைக் காற்று அவன் தொப்பியைப் பறிக்கப் பார்த்தது. ஒரு கையால் அதை அழுத்திக்கொண்டான்.

"அண்ணே, இந்த ஹோட்டலைக் கண்டுபிடிக்க நான் எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா? ஒவ்வொரு இடமாப் போன் போட்டு, 'ரெண்டு ஆம்பளைங்க, ஒரே கட்டில், பரவாயில்லையா'ன்னு கேட்டேன். பாதிப் பேர் பதில் சொல்லாமலே வச்சுட்டாங்க. இவங்க மட்டும்தான் 'தாராளமா வாங்க'ன்னாங்க. கடைசில துரத்தி விட்டது யாரு? நீ!"

"அவ சிரிச்சா, பாத்தேல்ல?"

"சிரிக்கறதுதான் அவ வேலை. அழுதுக்கிட்டா சாவி குடுப்பாங்க?"

இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கிப் பத்து வருஷம் ஆனதற்காக வந்த பயணம் இது.

"பத்து வருஷத்துல நான் உனக்கு என்னென்னவா இருந்திருக்கேன்!" உக்ஜின் விடுவதாக இல்லை. "பக்கத்து வீட்டுல நான் வாடகையைப் பங்கு போடறவன். உன் சென்டர்ல தூரத்துச் சொந்தம். உங்கப்பா திடீர்னு வந்து நின்னப்ப குழாய் ரிப்பேர் பண்ண வந்தவன். ராத்திரிச் சட்டையோட எந்தக் குழாய்க்காரன் வருவான்? அந்த மனுஷன் முன்னாடி சமையல்கட்டுக் குழாயை வேற கழட்ட வச்ச. இன்னும் ஒழுகுது அது. இந்தக் கடற்கரைக்கு வர்றதைக்கூட அவர்கிட்ட ஆபீஸ் வேலைன்னுதானே சொல்லியிருக்க."

"அப்பாவுக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுடுவார்டா. ஆண்தோங்காரர், பழமைல ஊறின ஊரு. மூணு தலைமுறைக்குத் திதி குடுக்கறவர்."

"அடுத்த இடத்துலயாவது ஒண்ணும் சொல்லாம இரு. உண்மையைச் சொல்ல வேண்டாம். பொய்யும் சொல்லாதே. அது போதும்."

"சத்தியமா" என்றான் மான்சொக்.

பின் சந்தில் ஒரு பழைய விடுதி. வாசலில் மீன் காயப் போட்டிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும். மால்சுன் என்று பலகையில் எழுதியிருந்த பேர் அவளுடையதுதான். இருவரையும் மேலும் கீழும் பார்த்தவள், பேச்சில் ஏதோ நாசூக்கை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்:

"ரெண்டு பேருதானா? ஒரே கட்டில் போதுமில்ல?"

"தம்பி!" என்று அலறினான் மான்சொக். "இவன் என் தம்பி! கூடப் பிறந்த தம்பி!"

உக்ஜின் கண்ணை மூடிக்கொண்டான்.

"அப்படியா?" அவள் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரிந்தது. "சாயலே இல்லையேப்பா. நீ கட்டையா உருண்டையா இருக்க, இவன் ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கான்."

"அம்மா வேற வேற."

"அடப்பாவமே. ரெண்டு சம்சாரமா உங்கப்பாவுக்கு?"

ஐம்பது வருஷம் ஒரே மனைவியோடு வாழ்ந்து, அவள் போன பின்னும் அவள் தலையணையை எடுக்கவிடாத அப்பாவை மான்சொக் நினைத்துக்கொண்டான். ஆனாலும் தலை ஆடிவிட்டது. ஆம் என்று.

"ஆம்பளைங்களே அப்படித்தான்" என்று மால்சுன் அம்மாள் உச்சுக் கொட்டினாள். "சின்னவன் ஏன் மூஞ்சியை இப்படித் தூக்கி வச்சிருக்கான்? அண்ணன் தம்பிக்குள்ள சண்டையா? சொத்துத் தகராறா?"

உக்ஜின் வாய் திறப்பதைப் பார்த்ததும் மான்சொக் முந்திக்கொண்டான்.

"இல்லம்மா, அப்பா ஞாபகம். அவர் தவறின நாள் இன்னைக்கு."

இரண்டு நிமிஷத்துக்குள் பெற்ற தகப்பனுக்கு ஒரு சின்ன வீட்டைக் கட்டிக் கொடுத்து, கையோடு கொன்றும் ஆயிற்று. உக்ஜின் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, வேற யாராவது பாக்கி இருக்காங்களா? எங்கம்மா வேணும்னா திடமாத்தான் இருக்கா."

மால்சுன் அம்மாள் மான்சொக்கின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"என் வீட்டுக்காரருக்கும் இன்னைக்குத்தான்பா. பிள்ளைங்க ரெண்டும் வெளிநாட்டுல. தனியாக் கும்பிடணுமேன்னு நெனச்சுக்கிட்டே சமைச்சேன். உங்கப்பாதான் உங்களை இங்க கொண்டுவந்து விட்டிருக்காரு. வாங்க, சேத்தே பண்ணிடலாம்."

"ஐயோ, வேண்டாம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"பெத்தவருக்குச் செய்யறதுல என்ன சிரமம்? கை காலைக் கழுவிட்டு வாங்க."

உள்ளறையில் மடக்குத் திரை விரித்து, அதன் முன்னால் படையல் வைத்திருந்தாள். பேரிக்காய், கருவாடு, மாட்டிறைச்சிச் சூப்பு, வறுத்த மீன், கீரை வகை எல்லாம் இருந்தன. செத்தவர் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் சோறு இருந்தது. அவள் போய் இன்னொரு கிண்ணம் சோறு கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு என்ன புடிக்கும்?"

"மீன் வறுவல்" என்றான் மான்சொக் தரையைப் பார்த்தபடி. அது மட்டும் உண்மை. அவள் இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து அந்தக் கிண்ணத்துப் பக்கம் நகர்த்தினாள். புருஷன் பக்கம் வால்தான் மிஞ்சியது.

மான்சொக்கால் அதைப் பார்க்க முடியவில்லை. தன்னைக் கண்டு யாராவது முகம் சுளித்துவிடுவார்களோ என்று பயந்து பயந்தே காலத்தைக் கழித்தவன், முகமே சுளிக்காத ஒருத்தியை அவள் புருஷன் படையலுக்கு முன்னால் உட்கார வைத்து ஏமாற்றிக்கொண்டிருக்கிறான். தரை பிளந்து வழி விட்டால் தேவலை என்றிருந்தது.

"மூத்தவன் மதுவை ஊத்து. சின்னவன் சன்னலைக் கொஞ்சம் தொறந்து வை. அவங்க உள்ள வரணுமில்ல."

உக்ஜின் சன்னலைத் திறந்தான். கடல் காற்று உள்ளே வந்தது. மூவரும் மண்டியிட்டு நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டார்கள். உக்ஜினின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "எப்படி உருகறான் பாரு" என்று மால்சுன் அம்மாள் முணுமுணுத்தாள். சிரிப்பை அடக்க அவன் உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது மான்சொக்குக்கு மட்டுமே தெரியும்.

"வந்துட்டீங்களாய்யா?" என்று அவள் சன்னலைப் பார்த்து மெல்லக் கேட்டாள். "ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடுங்க. பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க."

மான்சொக்கின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவசரமாக எடுக்கப் போய்க் கை வழுக்கி, போன் படையலுக்கு நடுவே பேரிக்காய்த் தட்டில் போய் மல்லாந்தது. திரை முழுக்கக் கொட்டை எழுத்தில் 'அப்பா' என்று மின்னியது.

மால்சுன் அம்மாள் போனைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். பிறகு இரண்டு அடி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"எடுப்பா" என்றாள் நடுங்கும் குரலில். "அவருதான்."

"இல்லம்மா, அது வந்து... பழைய நம்பர். அதை இப்ப வேற யாரோ..."

"அண்ணே" என்றான் உக்ஜின். குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "போதும்ணே. இந்தம்மா மீனை எடுத்து வச்சதுக்காகவாவது சொல்லிடு."

மணி அடித்து ஓய்ந்தது. மான்சொக் அந்தச் சோற்றுக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மால்சுன் அம்மாளின் பக்கம் திரும்பி, மண்டியிட்டபடியே நெற்றியைத் தரையில் வைத்தான்.

"மன்னிச்சுடுங்கம்மா. எங்கப்பா சாகல. ஆண்தோங்ல நல்லாத்தான் இருக்கார். அவருக்கு ரெண்டு சம்சாரமும் இல்ல. இவன் என் தம்பியும் இல்ல." தலையை நிமிர்த்தினான். "நான் இவனோடதான் வாழறேன். பத்து வருஷமா. இதை வெளிய சொல்ல வெக்கப்பட்டு வெக்கப்பட்டே... இப்ப அதைவிட வெக்கமாயிருக்கு. நாங்க போயிடறோம்."

உக்ஜின் பக்கத்தில் வந்து மண்டியிட்டு அவன் கையைப் பற்றினான். வேற்று மனிதர் முன்னால் அந்தக் கையை மான்சொக் உதறாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

மால்சுன் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். மீன் துண்டைப் பார்த்தாள். அதற்குள் போன் மறுபடி அடித்தது.

"முதல்ல அதை எடு" என்றாள். "பெரிய மனுஷனைக் காக்க வைக்காத."

மான்சொக் தட்டிலிருந்து போனை எடுத்து எதையோ அழுத்த, அப்பாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"டேய், எங்கடா இருக்க? சாப்பிட்டியா? ரூம் கிடைச்சுதா இல்லையா?"

"அப்பா... நான் அப்புறமாப் பேசறேன்பா..."

மால்சுன் அம்மாள் தலையைச் சாய்த்து அந்தக் குரலை உன்னிப்பாகக் கேட்டாள். அவள் புருவம் மெல்ல மேலே ஏறியது. சட்டென்று குனிந்து போனை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"ஏன் பெரியவரே, காலையிலேருந்து இந்தக் கடற்கரைல ஒரு விடுதி பாக்கியில்லாம போன் பண்ணி, 'என் பையனும் அவன் வீட்டுக்காரனும் வராங்க, கூச்சத்துல அவன் ஏதாவது உளறுவான், நம்பாதீங்க, ஒரே கட்டிலாப் போட்டுக் குடுங்க'ன்னு கெஞ்சிக்கிட்டிருந்தது நீங்கதானா?"