ஹக்சுவின் ஆபரேஷன்

2011 மார்ச்சில், தென்கொரியாவின் போஹாங் நகரத்தில், மீன் வியாபாரி தொக்சூனுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் சுவரில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு பை புடைத்திருப்பதை எம்ஆர்ஐ படம் காட்டியது.

ஆறு வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது. சிறுநீர் அதில் தேங்கும். எழுந்து நின்றால் சொட்டும், உட்கார்ந்தால் வலிக்கும். மகளிர் மருத்துவர்கள் எல்லாரும் வயசுக் கோளாறு என்று மாத்திரை எழுதினார்கள். கடைசியில் சிறுநீர்க் கோளாறு பார்க்கும் யூராலஜி டாக்டர்தான் விரலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சீழ் வந்தது.

"இதை ஏன் இத்தனை நாளா ஒருத்தரும் அமுக்கிப் பாக்கல?" என்று தொக்சூன் கேட்டாள். டாக்டர் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமானார்.

அந்த ஊரில் யூராலஜி என்றால் ஆம்பளைகள் போகிற இடம். அங்கே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள் என்றால் மீன் சந்தை முழுக்க அதுதான் பேச்சு. ஆகவே, ஆபரேஷன் கணவன் ஹக்சுவுக்கு என்று சந்தையில் சொல்லிவைத்தாள்.

மறுநாளே பக்கத்துக் கடை மல்ஜா, ஆண்மைக்கு நல்லதென்று விலாங்குச் சூப் கொண்டுவந்தாள். வியாபாரிகள் சங்கத் தலைவர் ஹக்சுவின் தோளைத் தட்டி மனசு தளராதே என்றார். கொதித்துப்போன ஹக்சு, சிறுநீரகக் கல் என்று மாற்றிச் சொன்னான். கல்லில் அனுபவசாலிகள் சந்தையில் ஏராளம். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். ஒருவரிடம் இடது, இன்னொருவரிடம் வலது என்றான். அது வேறு கோளாறுதான் என்று சந்தை முடிவுகட்டியது. சூப் இரட்டிப்பானது.

"என் மானம் போச்சு."

"உங்க மானம் போனா சூப்பாவது வருது. எனக்கு ஆறு வருஷமா வந்தது வெறும் மாத்திரை."

டாக்டர் பையை அறுத்தெடுத்து, இடத்தை அடுக்கடுக்காகத் தைத்தார். ரெண்டு வாரம் சிறுநீர் ரப்பர் குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும், அது தடைபட்டால் தையல் பிரியும், மறுபடி கத்திதான் என்று எச்சரித்தார்.

மூன்றாம் நாள் மல்ஜா ஆஸ்பத்திரி வாசலிலிருந்து போன் செய்தாள். சந்தைப் பெண்களோடு பார்க்க வந்திருக்கிறாளாம். தொக்சூன் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலைவிட்டு இறங்க, ஹக்சு அதில் ஏறிப் போர்த்திக்கொண்டான். அவள் நோயாளி உடுப்பின்மேல் நீளக் கோட்டை மாட்டினாள். சிறுநீர்ப் பையை மடியில் வைத்து மூடிக்கொண்டு, துணைக்கு இருப்பவர்களுக்கான குட்டைக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

வந்தவர்கள் ஹக்சுவின் நெற்றியைத் தடவினார்கள். அவன் முனகினான். தேவைக்கு அதிகமாகவே முனகினான்.

"எவ்வளவு பொறுமை பாருங்க இவருக்கு," என்றாள் ஒருத்தி.

தொக்சூன் அவர்களுக்குப் பேரிக்காய் சீவிக்கொண்டிருந்தாள். கத்தி விதைவரை இறங்கியது. அடிவயிறு உப்பிக் கல்லாக இறுகியது. தையலை நினைத்து வியர்த்தது. எவளும் எழுந்திருக்கிற வழியாக இல்லை.

கடைசியில் எல்லாரும் வெளியே போனார்கள். மல்ஜா மட்டும் பின்தங்கி, அவள் காதருகே குனிந்தாள்.

"பையை இடுப்புக்குக் கீழ இறக்கு, தொக்சூன். மடியில வச்சா மூத்திரம் இறங்காது. போன வருஷம் எங்க வீட்டுக்காரர் கட்டில்ல படுத்து முனகினப்ப, நானும் தெரியாம என் பையை இப்படித்தான் வச்சிருந்தேன்."

தொக்சூன் பையை இறக்கினாள். குழாயில் சிறுநீர் ஓடியது. தையல் பிரியவில்லை.