கைகாட்டி கதிரவேல் ஸ்விங் ஆடியது

நான் அந்த நடன மண்டபத்துக்கு ஆடப் போகவில்லை. அதை இழுத்து மூடத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் திருகோணமலையில் இப்போது என்னைப் பற்றி வேறு விதமாகக் கதை உலாவுகிறது. அன்புவழிபுரத்திலிருந்து சல்லி வரைக்கும் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். நீங்களாவது என் பக்கத்தைக் கேளுங்கள்.

என் பெயர் கதிரவேல். ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் கிறேனுக்குக் கை காட்டினேன். கிறேன் ஓட்டுபவர் மேலே கூண்டுக்குள் இருப்பார். அந்த இரைச்சலில் கீழே நின்று கத்தினால் ஒன்றும் கேட்காது. ஆகவே தரையில் ஒருவன் நின்று கையால் சொல்ல வேண்டும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிப்பாட்டு. கூண்டில் இருப்பவர் என் கையைத் தவிர வேறு எவன் கையையும் பார்க்கக் கூடாது. அதுதான் சட்டம். ஒரேயொரு விலக்கு உண்டு. நிப்பாட்டு என்பதை மட்டும் யார் காட்டினாலும் கேட்க வேண்டும், வாசலில் கச்சான் கடலை விற்கிறவள் காட்டினாலும்.

இந்த அருமையான முறையைக் கல்யாணமான புதிதிலேயே நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். சாப்பாட்டு மேசையில் விரல் மேலே சுழன்றால் சோறு. கீழே சுழன்றால் சொதி. உள்ளங்கை கவிழ்ந்தால் போதும். என் மனைவி சிவாஜினி ஒரு நாளும் பிழைவிட்டதில்லை. நான் வாயைத் திறப்பது சோற்றை உள்ளே அனுப்ப மட்டும்தான். இந்த ஊரிலேயே சத்தம் சந்தடி இல்லாத குடும்பம் எங்களுடையது. அதை நான் சந்தோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் கதிரையில் சாய்ந்துகொண்டு குசினிப் பக்கம் விரலைச் சுழற்றினேன். தேத்தண்ணி வரவில்லை. மறுபடியும் சுழற்றினேன். மின்சாரம் போய் மின்விசிறி நின்றுவிட்டது, என் விரல் நிற்கவில்லை. கடைசியில் சிவாஜினிதான் வந்தாள். காலில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து.

"எங்க போறாய்?"

"அட, கதைக்கிறீங்கள்! ஸ்விங் டான்ஸுக்குப் போறன்."

"என்ன டான்ஸ்?"

"ஸ்விங். வெள்ளைக்காரற்ற சோடி ஆட்டம். உள்துறைமுக வீதியில பழைய களஞ்சியத்தில பழக்கினம். நான் ரெண்டு மாதமாப் போறன்."

"ரெண்டு மாதமா? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்ல வந்தனான். நீங்கள் உள்ளங்கையைக் கவிட்டுக் காட்டினீங்கள். நிப்பாட்டிப்போட்டன்."

"டான்ஸையா?"

"சொல்லுறதை."

எனக்கு ஏறியது. "ஆரோட ஆடுறாய்?"

"வந்தவையோட. பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறும்."

"ஆள் மாறுமா!"

"ஓம். பிளாஸ்க்கில தேத்தண்ணி இருக்கு. ஊத்திக் குடியுங்கோ."

வாசல் படலை சாத்துப்பட்டது. பிளாஸ்க் எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. கதிரையில் இருந்தபடியே நான் ஒரு சபதம் எடுத்தேன். அடுத்த சனிக்கிழமை நானும் போவேன். அந்தக் கூத்து எவ்வளவு கேவலமானது என்று எல்லோருக்கும் காட்டுவேன். அதோடு கடை மூடப்படும்.

போனேன். பழக்குகிற நிரோஜினி கனடாவில் வளர்ந்து தாயின் ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளை. வங்கியில் வேலை செய்கிறவர்கள், பள்ளிக்கூட ரீச்சர்மார், உப்புவெளி விடுதிகளில் தங்கும் இரண்டு வெள்ளைக்காரர் என்று மண்டபம் நிறைந்திருந்தது. மூலையில் ஒலிபெருக்கியோடு இருந்தவரைப் பார்த்துத்தான் திடுக்கிட்டேன். கிண்ணியா ஜவ்பர். கூண்டுக்குள் இருந்து காலமெல்லாம் என் கையைப் பார்த்துக் கிறேன் ஓட்டியவர்.

"ஜவ்பர், நீயுமா?"

"நான் ஆடுறல்ல அண்ணன். பாட்டு மட்டுந்தான் போடுற. வீட்ட பேரப்பிள்ளைகள்ட சத்தம் தாங்க ஏலா."

நிரோஜினி என்னை நடுவில் நிறுத்தினாள். இந்த ஆட்டத்தில் ஒருவர் வழிகாட்ட வேண்டும், மற்றவர் தொடர வேண்டும் என்றாள். "அங்கிள், நீங்க வழிகாட்டுங்கோ."

என் நெஞ்சு விரிந்தது. பிறவித் தொழில் அல்லவா!

"ஆனா கையால உத்தரவு போடுறதில்லை அங்கிள். கேக்கிறது. அவ விரும்பினா வருவா."

"விரும்பாட்டி?"

"தனிய ஆடுங்கோ."

என்ன படிப்பித்து என்ன, சின்னப் பிள்ளைதானே என்று விட்டுவிட்டேன். முதலில் எனக்குக் கிடைத்தது வங்கியில் வேலை செய்யும் தேனுகா. விரலை மேலே சுழற்றினேன். அவள் கூரையைப் பார்த்தாள். கீழே சுழற்றினேன். தோடு விழுந்துவிட்டதென்று நினைத்துக் குனிந்து தேடினாள். கையை நீட்டி வலது பக்கம் காட்டினேன். "தண்ணி வேணுமா அங்கிள்?" என்று கேட்டு எடுத்துவரப் போனவள், அடுத்த பாட்டு வரைக்கும் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று வாழைப்பழத்தோலை மென்றபடி வாசலில் நின்று என்னைப் பார்த்தது. அதுவும் போய்விட்டது.

ஆள் மாறி மாறிக் கடைசியில் சிவாஜினி வந்தாள். விரலை அசைத்தேன். சுழன்றாள். கையைத் தாழ்த்தினேன். பின்னால் போனாள். நீட்டினேன். வந்து சேர்ந்தாள். மண்டபமே ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

நிரோஜினி ஓடிவந்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு மட்டும் எப்பிடி விளங்குது?"

"கல்யாணம் கட்டின நாள் தொட்டு இவற்ற கைதானே பிள்ளை என்னோட கதைக்குது," என்றாள் சிவாஜினி. "வாய் எனக்கு இன்னும் அறிமுகமாகேல்லை."

மண்டபம் சிரித்தது. வெள்ளைக்காரருக்கும் யாரோ மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தேன். "சனத்துக்கு முன்னால என்னை நக்கலடிச்சிட்டாய்!"

"உள்ளதைத்தானே சொன்னனான்."

"இனி நீ அங்க போகக்கூடாது." உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினேன்.

அவள் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி. ஒரு பந்தயம். வாற சனிக்கிழமை எல்லாரும் பாக்க ஒரு பாட்டுக்கு ஆடுவம். நீங்கள் கை காட்டுங்கோ, நான் வாறன். ஒருக்காப் பிழைவிட்டாலும் டான்ஸை விடுறன். பின்னேரத் தேத்தண்ணி திரும்பவும் கைக்கு வரும்."

"பிழைவிடாட்டி?"

"பாட்டு முடிய முதல் நீங்கள் நிப்பாட்டினால், இனி இந்த வீட்டில கை காட்டேலாது. சோறெண்டாலும் சொதியெண்டாலும் வாயைத் திறந்து, என்ர பேரைச் சொல்லிக் கேக்கோணும். பேர் ஞாபகமிருக்குத்தானே?"

இதைவிடச் சுலபமான பந்தயத்தை எந்த முட்டாளும் வைத்திருக்கமாட்டான். கை என்னுடையது. இடது பக்கம் காட்டிவிட்டு வலது பக்கம் இழுத்தால் அவள் பிழைவிட்டுத்தானே ஆக வேண்டும்! இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்காக அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன்.

"ஜவ்பர், உன்னட்ட இருக்கிறதிலயே வேகமான பாட்டைப் போடோணும்."

"உங்கட முழங்கால் அண்ணன்?"

"அவள் பிழைவிட ஒரு நிமிசம் காணும்."

"சரி அண்ணன். இருக்கிறதிலயே வேகமானதுதான்."

அவருடைய வீட்டில் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பத்தை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வென்றவனாகத் திரும்பி வந்தேன்.

பின்னேரமானது. எக்காளம் பிளிறிக்கொண்டு பாட்டுத் தொடங்கியது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். இடது பக்கம் காட்டி வலது பக்கம் இழுத்தேன். அவள் ஏற்கெனவே வலது பக்கம் நின்றாள். சுழலச் சொல்லிக் காட்டிவிட்டுக் கையைப் பறித்தேன். சுழலாமல் நின்று சிரித்தாள். சனம் கை தட்டியது.

"உனக்கு எப்பிடித் தெரியுது?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"உங்கட கை பொய் சொல்லும். தோள் சொல்லாது. கள்ளவேலை செய்யேக்க காதும் கொஞ்சம் ஆடும்."

காதை நிறுத்திவைக்க எனக்குத் தெரியவில்லை. முன்னே, பின்னே, குறுக்கே என்று நான் காட்டிய பொய்யெல்லாம் அவள் காலடியில் வந்து உண்மையாகியது. எக்காளம் ஒரு முழக்கம் முழக்கி முடிவதுபோல இருந்தது. அப்பாடா என்று நினைத்தேன். மறுபடி முதலில் இருந்து தொடங்கியது.

"இந்தப் பாட்டு முடியாதா?"

"ஏன், நிப்பாட்டப் போறீங்களோ?"

"ஆர் சொன்னது!"

மறுபடி முழங்கியது. மறுபடி தொடங்கியது. முழங்கால் கழன்றது. வட்டிலப்பம் சாப்பிட்ட வயிறு தனியாக ஆடியது. சேட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து வெள்ளைக்காரர் பக்கம் போனது. சிவாஜினிக்கு வியர்க்கவே இல்லை. இவ்வளவு காலமும் இந்தப் பெண் எங்கே இருந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. கண் இருட்டியபோது ஜவ்பரின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைக் கண்டதும் என் கை என்னைக் கேட்காமலே எழும்பியது. உள்ளங்கை கவிழ்ந்தது. வீசியது.

அந்தக் கணமே பாட்டு நின்றது. ஜவ்பருடைய கை அப்படிப் பழகிய கை. மண்டபம் கூவியது. நான் கிடைத்த கதிரையில் விழுந்தேன். ஜவ்பர் தண்ணீர் கொண்டுவந்தார்.

"என்ன பாட்டு ஜவ்பர் அது? முடியவே இல்லை!"

"அது முடிஞ்சது அண்ணன். முடிய முடியத் திருப்பித் தொடங்குற மாதிரி வெச்சிருந்த."

"ஆர் சொல்லி?"

"அக்காதான். நீங்க வாறதுக்கு முதல்நாளே வந்து சொல்லிட்டுப் போனாங்க. அவர் வந்து வேகமான பாட்டுக் கேப்பார், அதையே போடுங்க, முடிய மட்டும் விடாதீங்க எண்டு. வட்டிலப்பமும் அவங்க சொல்லித்தான் செஞ்ச."

"டேய், எவ்வளவு காலம் உனக்குக் கை காட்டினனான்!"

"அதுக்குத்தானே அண்ணன், நீங்க காட்டின உடன நான் நிப்பாட்டின."

மறுநாள் மத்தியானம். மேசையில் பாரை மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். என் விரல் தானாக எழும்பியது. அதைப் பிடித்துத் தட்டுக்குக் கீழே அமத்தி வைத்தேன். எதிரே சிவாஜினி கைத்தொலைபேசியில் அடுத்த பாட்டைக் கேட்டபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசைக்குக் கீழே அவள் கால் தாளம் போட்டது.

தோற்றது தோற்றதுதான். ஆனால் ஆண்பிள்ளை கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். காலையில் கிணற்றடியில் நின்று சொல்லிப் பார்த்திருந்தேன். வெறுமனே சோறு கேட்பதில்லை, முழுதாக ஒரு நல்ல கதை கதைப்பது என்று தீர்மானம். தொண்டையைச் செருமினேன்.

"சிவாஜினி."

அந்தப் பெயர் என் வாய்க்குப் புதிதாக இருந்தது. உண்மையில் அழகான பெயர். நெஞ்சுக்குள் ஏதோ இளகியது.

"சிவாஜினி, உந்தக் கத்தரிக்காய்க் கறி நல்லா இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்தது. நான்தான் சொல்லேல்லை. இன்னுமொண்டும் உன்னட்டச் சொல்லோணும். இவ்வளவு காலமும் நான் என்ன நினைச்சிருந்தனான் எண்டால்..."

அவள் தலையைத் திருப்பவில்லை. பாட்டில் ஏதோ முக்கியமான இடம் போல. இடது கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள். உள்ளங்கையைக் கவிழ்த்து ஒரு வீச்சு வீசினாள்.

யார் காட்டினாலும் கேட்க வேண்டும். நிப்பாட்டினேன்.