பல்புழு தரிசனம்

விடிந்தும் விடியாமல் பல்புழு வைத்தியர் வாசலில் தெருவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. வலிக்கிறவர், வலித்தவர், நாளைக்கு வலித்தால் என்ன செய்வது என்று முன்ஜாக்கிரதையாக வந்தவர். வரிசையை ஒழுங்குபடுத்தியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் அடியேன்தான். சம்பளமில்லாத விளம்பர ஏஜென்ட்.

எனக்குத் தொழில் தரப் பரிசோதனை. தொழிற்சாலையில் ஒரு போல்ட் மயிரிழை பெருத்தாலும் தூக்கி எறிவேன். அளக்கிற கருவியையே முதலில் சோதித்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவேன். அப்பேர்ப்பட்ட மூளையை வைத்தியர் வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்திருந்தேன்.

வைத்தியம் சுலபம். தணலில் ஏதோ விதையைப் போட்டு வாய்க்குள் புகை காட்டுவார். பல்லில் பஞ்சை வைத்து அழுத்துவார். அதை எடுத்துத் தண்ணீரில் உதறினால் வெள்ளை வெள்ளையாகப் புழு மிதக்கும். எனக்கும் மிதந்தது. கொஞ்ச நாளில் என் கடைவாய்ப் பல்வலி போயே போய்விட்டது!

இப்போது மகளுக்குப் பல்வலி. குளிர்ந்த தண்ணீர் பட்டாலே துள்ளினாள்.

"பல் டாக்டர்கிட்ட போவோங்க," என்றாள் மனைவி.

"அவர் குடைவாரு. இவர் புழுவை எடுப்பாரு. என் பல்லே சாட்சி!"

"சரி, இவர்கிட்டயே போவோம். ஆனா முதல்ல எங்கப்பா உட்காரட்டும். அவருக்கும் வலியாம்."

மாமனார் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். புகை, பஞ்சு, தண்ணீர். புழுக்கள் கொத்தாக மிதந்தன. "ஆஹா!" என்றது கூட்டம். எல்லாரையும்விடச் சத்தமாக நான்.

மாமனார் வாயில் கைவிட்டு, மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் கழற்றி வைத்தியர் கையில் வைத்தார். பொக்கை வாயால் பணிவாகக் கேட்டார்: "ஐயா, இந்த பிளாஸ்டிக்ல எந்தப் பல்லுல புழு இருந்துச்சு?"

"அது... பிடிவாதமான புழு," என்றார் வைத்தியர்.

மனைவி விடவில்லை. யார் வாயிலும் படாத பஞ்சு ஒன்றை அவர் டப்பாவிலிருந்து எடுத்துத் தண்ணீரில் உதறினாள். அதிலும் மிதந்தது! தொட்டுப் பார்த்தால், அத்தனையும் ஊறவைத்த விதையின் முளை. கருவியைச் சோதிக்கிற ஆசாமி நான். பஞ்சைச் சோதித்தது அவள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வைத்தியர் பின்வாசலைத் தேடினார்.

அங்கிருந்து நேராகப் பல் டாக்டரிடம் ஓடினோம். மகள் பல்லைப் பார்த்துவிட்டு அந்தம்மா சொன்னார்: "பல்லு சும்மா கிடக்காதுங்க. மேல தேய்ஞ்சா, அடிபட்டா, சொத்தை மெதுவா வந்தா, உள்ள இருக்கிற சதை புதுசா ஒரு சுவரைக் கட்டிக்கிட்டே பின்வாங்கும். சொத்தை வேகமா வந்தா, கட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தச் சதை செத்துப்போகும். பாப்பா பல்லு உயிரோட இருக்கு, அதான் கத்துது. சுத்தம் பண்ணி அடைச்சா பிழைச்சுக்கும்."

அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு பெருமையாக என் வாயைத் திறந்தேன். "எனக்கு வலியே இல்லைங்க!"

தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார். "எப்படி வலிக்கும்? உங்க பல்லு செத்தே போச்சு. வேர்ல சீழ் கட்டியிருக்கு."

அடப் பாவி மனுஷா! பிணத்தை வாயில் வைத்துக்கொண்டா ஊரெல்லாம் சாட்சி சொன்னேன்?

வரிசையில் நிற்கும் மகாஜனங்களே, கொஞ்சம் யோசியுங்கள். யோசித்தால் வலிக்கத்தான் செய்யும். வலிக்கட்டும், மூளை இன்னும் சாகவில்லை என்று அர்த்தம்.