கூண்டுக்குள் போன இரண்டு வேட்பாளர்கள்

பாப்பாரப்பட்டி,
11-2-1937.

மைசூரில் மிருகசாலை உத்தியோகத்தில் இருக்கும் மாமா நஞ்சப்பன் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் முனிராஜ் அநேக வணக்கம் செய்து எழுதுவது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதத்தான் ஆசை. நேற்று நடந்த காரியம் அப்படி எழுதவிடவில்லை.

எங்கள் ஊர் ஜமீனான மிட்டாதார், வெள்ளைக்கார ராஜாவின் ஜூபிலிக்காகச் சந்தைப்பேட்டையில் ஒரு சிறுத்தையை அடைத்து வைத்ததும், குமாஸ்தாவான என்னிடம் அதன் சாவியைக் கொடுத்ததும் தாங்கள் அறிந்ததே. தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கும் மாரண்டஹள்ளி கதர்க்கடை மாதையன், "அது வெள்ளைக்காரன் சிறுத்தைங்க, நம்புளுது சுதேசிக் கரடி" என்று ஒரு கரடிக்குக் கதர்க் குல்லாய் மாட்டி ஊர்வலம் விட்டார். ஜனமெல்லாம் கரடி பக்கம் சாய்ந்தது. மிட்டாதாருக்குப் பொறுக்கவில்லை. "சிறுத்தைய வண்டியில ஏத்துடா, அவன் ஊருக்கே போலாம்" என்றார்.

போனோம். மாரண்டஹள்ளி எல்லையில் கரடி வண்டி எதிரே வந்தது. இரண்டு கட்சியும் வழிவிட மறுத்துக் கோஷம் போட, சிறுத்தை உறும, மாடுகள் மிரண்டு வண்டி குடைசாய்ந்து, கூண்டின் தாழ் நழுவிக் கதவு திறந்து, சிறுத்தை நடுரோட்டில் வந்து நின்றது. மிட்டாதாரும் மாதையனும் ஒரே பாய்ச்சலில் காலிக் கூண்டுக்குள் நுழைந்தார்கள். நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டேன். அப்புறம்தான் நான் வெளியே நிற்கிறேன் என்பது புத்திக்கு எட்டியது. சிறுத்தை என்னையே பார்த்தது. அதற்குத் தீனி போடும் வத்தல்மலைக் கருப்பி மட்டும் முன்னால் வந்து, "யாரும் அசையாதீங்க. வழிய வுடுங்க, அது வூட்டுக்குப் போவுது" என்றாள். சிறுத்தை என் வேட்டியை உரசிக்கொண்டு, வரப்பேறி, மலைப்பக்கம் போய்விட்டது.

சாவியோ அந்தக் கலவரத்தில் எங்கோ விழுந்துவிட்டது. கொல்லன் வந்து பூட்டை அறுக்க இரண்டு மணி நேரம். சுற்றுப்பட்ட ஊரெல்லாம் வரிசையில் நின்று இருவரையும் பார்த்துவிட்டுப் போனது. ஒரு அம்மாள் என்னிடம், "இதுல எதுங்க சுதேசி?" என்று கேட்டாள். மிட்டாதார் கம்பிக்குள்ளிருந்து, "முனிராஜு, வெளிய வந்து உன்ன வச்சிக்கறேன்" என்றார்.

வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இதை எழுதுகிறேன். நாளைக்கே அங்கே புறப்பட்டு வருகிறேன். தங்கள் வீட்டில் ஒரு மூலை கொடுத்துக் காப்பாற்ற வேண்டும். தீர்த்தம்மாள் அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உயிர் உள்ளவரை தங்கள்
முனிராஜ்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும்போதே மிட்டாதாரின் ஆட்கள் என்னை அவர் வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அங்கே மாதையனும் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்! கூண்டுக்குள்ளேயே ராசியாகிவிட்டார்களாம். "மைசூர்க்காரங்ககிட்ட சிங்கம் இருக்குது, நம்ம சேலம் ஜில்லாவுக்கு ஒண்ணு வேணாங்களா?" என்று மாதையன் கேட்க, மிட்டாதாருக்கு ரோஷம் வந்துவிட்டது. தங்கள் மூலமாகச் சிங்கம் வாங்கி, அதன் கூடவே உட்கார்ந்து கூட்டிவர என்னை அனுப்புகிறார்கள். மாமா, நான் வந்து கதவைத் தட்டினால் திறக்காதீர்கள். தாங்கள் ஊரில் இல்லை என்று அக்காவைச் சொல்லச் சொல்லுங்கள்.