பம்பருக்குப் பூட் பாலிஷ்

"அண்ணன் நாளக்கழிச்சு வாராவ. வண்டிய ஒரு வருசமா வெயில்ல போட்டு வெளுக்க வச்சிட்டீங்களே!" என்றாள் பிரேமா.

சக்திகுமார் குனிந்து பார்த்தான். மச்சான் விட்டுப்போன வெள்ளைக் காரின் பம்பர் சாம்பல் பூத்துக் கிடந்தது. விட்டுப்போன அன்று பம்பரை யார் பார்த்தார்கள்? கோவில்பட்டியில் ஓடுகிற காருக்கெல்லாம் பம்பர் கறுப்பு. ஒரு கோடை போனால் வெளுப்பு.

அவன் பயம் வேறு. மச்சான் ஹரிகிருஷ்ணன் போன வாரம் மஸ்கட்டிலிருந்து போனில் சொல்லியிருந்தார்: "வண்டி நான் விட்ட மாதிரியே இருந்தா உங்க பேருக்கே எழுதித் தந்திருதேன், மாப்ளே." டாக்சி ஓட்டிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று, தீப்பெட்டி ஆபீஸ் வேலையிலிருந்து அன்றைக்கே நின்றுவிட்டான் சக்திகுமார். நிதானம் அவனுக்கு எப்போதும் கொஞ்சம் குறைச்சல்தான்.

தேங்காய் எண்ணெய் தேய்த்தான். பம்பர் பளபளத்தது. மத்தியானக் காற்று கரிசல் புழுதியை அள்ளிவந்து அதன்மேல் அப்பியது. சாயங்காலம் பம்பர் இருந்த இடத்தில் ஒரு வரப்பு இருந்தது.

"மண்ணெண்ணெய் போட்டுத் தொடைங்க அண்ணாச்சி" என்றார் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் அய்யாத்துரை.

புழுதி போனது. கூடவே வழவழப்பும் போய், பம்பரில் தேமல் விழுந்தது.

"இப்ப என்ன செய்ய?"

"பூட் பாலிஷ் போடுங்க. என் ஆட்டோ சீட்டு மூணு வருசமா அதுலதான் மினுங்குது."

அந்த சீட்டில் உட்கார்ந்து எழுந்த வேட்டிகளைச் சக்திகுமார் அப்போது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. மூன்று டப்பா பாலிஷ் தீர்ந்தது.

"புது வண்டி மாதிரில்லா இருக்கு!" என்று பிரேமாவே அசந்துபோனாள்.

மச்சான் வரும் நாள், பத்து மணி வெயிலில் பாலிஷ் உருகிக் கீழே சொட்டியது. துடைத்தான். பரவியது. ஈரத்துணியால் துடைத்தான். வெள்ளைக் கதவுக்கும் பரவியது. துடைக்க இடம் பாக்கியில்லை என்றபோது ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ வந்து நின்றது.

ஹரிகிருஷ்ணன் இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பம்பரைத் தொட்டார். விரல் கறுத்தது.

"மன்னிச்சிருங்க மச்சான். வெயில்ல பம்பர் வெளுத்துப் போச்சு. பழைய கறுப்பக் கொண்டாந்திரலாம்னுதான்..." சக்திகுமாருக்கு அழுகையே வந்துவிட்டது.

மச்சான் கறுத்த விரலைக் கைக்குட்டையில் துடைத்தார். ஆட்டோவிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி வள்ளிமயில்தான் திரும்பிப் பார்த்தாள்.

"எந்தப் பழைய கறுப்பு அண்ணே? சாம்பக் கலர் பம்பர்தான் வேணும்னு, மூணு மாசம் காத்துக் கெடந்துல்லா அந்த வண்டிய எடுத்தோம்!"