ஏற்றுமதிப் பொருத்தம்

மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பவர்கள் ஓர் இனம். எந்த நம்பர் விழும் என்று கனவில் வந்த பாம்பையும் பல்லியையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டிலும் சேராமல், நாட்டின் ஏற்றுமதி ஏறுமா இறங்குமா என்று கைப்பேசியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. மலேசியாவில், ஜொகூர் பக்கத்து மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் இந்த இனம் நல்ல விளைச்சல். பொருளாதாரக் குறியீட்டு எண்களை வைத்துக் குறி சொல்வதால் இவர்களுக்கு நான் சுட்டெண் சோசியர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

சுட்டெண் சோசியரை அடையாளம் காண்பது சுலபம். “சௌக்கியமா?” என்று கேட்டுப் பாருங்கள். “போன மாசத்துக்குப் பரவாயில்ல, ஆனா போன வருஷம் இதே மாசத்தோட வெச்சுப் பார்த்தா கொஞ்சம் மந்தம்” என்பார். தன் உடம்பைச் சொல்கிறாரா, நாட்டைச் சொல்கிறாரா? அவருக்கே தெரியாது. சொந்தமாக ஒரு பெட்டிச் சரக்கைக் கப்பலில் ஏற்றியிருக்க மாட்டார். ஆனால் செம்பனை எண்ணெய் விலை, ரப்பர் விலை, தைவானில் கணினிச் சில்லு விற்பனை, அமெரிக்காக்காரன் இந்த மாதம் சோபா வாங்குவானா மாட்டானா, கொள்முதல் மேலாளர் குறியீடு ஐம்பதுக்கு மேலா கீழா என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஐம்பதுக்கு மேலே போனால் வளர்ச்சி, அவரே தே தாரேக் தேநீர் வாங்கித் தருவார். கீழே போனால் நீங்கள்தான் வாங்க வேண்டும்.

எங்கள் பகுதியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி சபாபதி. பிளாஸ்டிக் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் சூப்பர்வைசர். காலையும் மாலையும் லியாக்கத் அலியின் சாப்பாட்டுக் கடையில், கொள்கலன் லாரிகள் திரும்பும் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மாதாமாதம் இருபதாம் தேதிவாக்கில் வர்த்தகக் கணக்கு வெளியாகும் அல்லவா? அன்றைக்கு அவர் பசியாறவே மாட்டார். ஏதோ விரதம் இருக்கிறார் என்று நாங்கள் பல காலம் மரியாதையாக ஒதுங்கியிருந்தோம். அவர் மனைவி தனலெட்சுமிதான் ஒருநாள் போட்டு உடைத்தார்: “விரதமுமில்ல ஒண்ணுமில்ல. பதட்டத்துல தொண்டையில இறங்காதுங்க அவருக்கு.”

இந்த இனத்தின் பெரிய பலம் என்ன தெரியுமா? ஒருநாளும் தோற்காது. ஏற்றுமதி ஏறினால், “நான்தான் சொன்னேனே.” இறங்கினால், “சீனப் பெருநாள் போன வருஷம் ஜனவரி, இந்த வருஷம் பிப்ரவரி. பருவத்தைக் கழிச்சுப் பாருங்க, ஏறித்தான் இருக்கு.” ரிங்கிட் விழுந்தால் ஏற்றுமதிக்கு நல்லது. எழுந்தால் நாட்டின் மேல் நம்பிக்கை. விழாமலும் எழாமலும் கிடந்தால்? “அதுதான் ஆபத்து” என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒருமுறை லியாக்கத் அலி சலித்துக்கொண்டார்.

“சபா அண்ணே, நேத்து வியாபாரமே இல்ல.”

“உள்நாட்டுப் பயனீட்டு மந்தம், பாய். நான் போன வாரமே கவனிச்சேன்.”

“மந்தமெல்லாம் இல்லண்ணே. தண்ணி வரல. கடையவே தொறக்கல.”

சபாபதி அசரவில்லை. அப்படியானால் இது வழங்கல் தரப்புச் சிக்கல் என்று சொல்லிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்தார்.

இதெல்லாம் கடையோடு போயிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவர் வீட்டில் ஷர்மினி என்று ஒரு மகள் இருந்தாளே. கிளினிக்கில் வேலை பார்க்கிற, கலகலப்பான, யாரையும் ஒரு பேச்சில் மடக்கிவிடுகிற பெண். அவளுக்கு வரன் வரத் தொடங்கியதும் ஆரம்பித்தது வினை. சபாபதி ஜாதகம் பார்க்க மாட்டார். கிரகம் மனிதனை ஆட்டுகிறது என்பதெல்லாம் மூடநம்பிக்கை என்று மேசையைத் தட்டிச் சொல்வார். அதற்குப் பதிலாக அவர் பார்த்தது மாப்பிள்ளை வேலை செய்யும் துறையின் ஏற்றுமதிப் போக்கு.

கையுறைத் தொழிற்சாலையில் இன்ஜினியர் ஒருவன் வந்தான். “கையுறை உச்சத்தைத் தொட்டுட்டு வந்தாச்சு. இறங்குற துறையில பொண்ணக் குடுக்க முடியாது.” தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வந்தார். “நல்ல பையன்தான். ஆனா ஏற்றுமதியே இல்லியே!” தினமும் சிங்கப்பூர் போய் வேலை பார்த்து, அந்த ஊர் டாலரில் சம்பளம் வாங்குகிற ஒருவன் வந்தான். அவனைக் கொஞ்சம் யோசித்தார். பிறகு நாணய அபாயம் என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார். செவ்வாய் தோஷத்துக்காவது பரிகாரம் உண்டு. நாணய அபாயத்துக்கு எந்தக் கோயிலில் போய் விளக்கேற்றுவது?

ஷர்மினிக்கு இதில் வருத்தமே இல்லை. எல்லா வரனும் தட்டிப்போவது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்தில் பார்த்துப் பேசி, பேசிப் பழகி, லாயாங் லாயாங் என்ற ஊரைச் சேர்ந்த கவின் என்பவனை அவள் மனதுக்குள் முடிவு செய்து வெகு நாளாகிவிட்டது. அம்மாவுக்கும் தெரியும். அப்பாவுக்குத்தான் தெரியாது. கவினுடைய வரனும் அதே தராசில் ஏறி இறங்கிவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு இருந்த பயமெல்லாம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கவினும் அவன் தந்தை காளியப்பனும் வந்தார்கள். காளியப்பன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அமைதியான மனிதர். நடுவில் பேச ஆள் வேண்டும் என்று தனலெட்சுமி என்னையும் உட்கார வைத்திருந்தார். காளியப்பன் மஞ்சள் உறையிலிருந்து ஜாதகத்தை எடுத்தார். சபாபதி கையை ஆட்டி மறுத்தார்.

“அதெல்லாம் உள்ள வைங்க. தம்பி எங்க வேலை?”

“பேலட் தொழிற்சாலையில சூப்பர்வைசர், அங்கிள்.”

பேலட் என்பது வேறொன்றுமில்லை. பெட்டிகளை அடுக்கி ஃபோர்க்லிஃப்ட்டால் தூக்குகிறார்களே, அதற்கு அடியில் வைக்கும் பலகைத் தட்டு. சபாபதியின் முகத்தில் களை போய்விட்டது.

“பலகையா… மரம்… நம்ம ஏற்றுமதியில மரத்துக்குச் சின்னப் பங்குதானே.”

சமையலறை வாசலில் நின்ற ஷர்மினி கவினை ஒரு பார்வை பார்த்தாள். ஒத்திகை பார்த்த பார்வை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. கவின் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

“நாங்க மரம் ஏத்துமதி பண்றதில்ல அங்கிள். ஆனா யாரு எதை ஏத்துனாலும் எங்க பேலட் மேல வெச்சுத்தான் ஏத்தணும். எண்ணெயா, டயரா, கம்ப்யூட்டர் சாமானா, எல்லாத்துக்கும். அதனால கம்பெனிக்காரங்க சரக்கு அனுப்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாலயே எங்ககிட்ட ஆர்டர் குடுத்துருவாங்க.”

சபாபதியின் கையிலிருந்த கோப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது.

“முன்னாலயேவா?”

“ஆமா அங்கிள்.”

“அரசாங்கக் கணக்கு வர்றதுக்கும் முன்னாலயா?”

“ரொம்ப முன்னால.”

வாழ்நாளெல்லாம் போன மாதக் கணக்கை இந்த மாதம் படித்துவிட்டு, வரப்போவதைச் சொல்கிறேன் என்று தொண்டை வரள வாதாடிய மனிதர் அவர். அவர் வீட்டு சோபாவில், கையெட்டும் தூரத்தில், வரப்போவதை உண்மையிலேயே முன்கூட்டி அறிந்த ஒருவன் அடக்கமாக முறுக்கு தின்றுகொண்டிருக்கிறான். சபாபதி எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். “முன்னோடிக் குறியீடு” என்று முணுமுணுத்தார். “தம்பி, இனிமே என்னை மாமான்னே கூப்பிடுங்க.”

பொருத்தம் பார்த்தாகிவிட்டது. பத்துக்குப் பத்து.

பரிசம் போட நாள் குறித்தார்கள். அதற்கு நடுவில் ஒரு புதுச் சடங்கும் முளைத்தது. திங்கள்தோறும் மாப்பிள்ளை மாமனாரைக் கூப்பிட்டு ஆர்டர் நிலவரம் சொல்ல வேண்டும். கவினும் சொன்னான். “நல்லா இருக்கு மாமா.” அடுத்த திங்களும், “நல்லா இருக்கு மாமா.” சபாபதி கடைக்கு வந்து, உள்ளிருந்தே தகவல் வருகிறது, ஏற்றுமதி எகிறப் போகிறது என்று ஒவ்வொரு மேசையாகப் போய் அருள்வாக்கு சொன்னார். நம்பிக் கெட்டவர் லியாக்கத் அலி. இரண்டு மேசை கூடுதலாகப் போட்டார்.

பரிசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வர்த்தகக் கணக்கு வெளியானது. ஏற்றுமதி சரிவு.

கடையில் சபாபதி கைப்பேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இது சரியா வராது. அடுத்த மாசம் திருத்திருவாங்க. எங்க மாப்பிள்ள பொய் சொல்ல மாட்டாரு” என்றார். எண்ணே தெய்வம் என்றிருந்தவர், எண் தப்பு, மாப்பிள்ளை சரி என்று சொல்வதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. எழுந்து வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

நடுக்கூடத்தில் நின்றுகொண்டு கவினைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி கைப்பேசியை மேசையில் வைத்தார்.

“மாப்பிள்ள, ஏத்துமதி விழுந்துருச்சுன்னு அரசாங்கம் சொல்லுது. நீங்க நல்லா இருக்குன்னு சொன்னீங்க. யாரு சொல்றது நெஜம்?”

ஷர்மினியின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. அந்தப் பெண்ணைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சபாபதியை நாலு சாத்துச் சாத்தலாம் போலவும் இருந்தது.

“மாமா… மன்னிச்சிருங்க. ஆர்டர் போன மாசமே விழுந்துருச்சு. ஓவர்டைமும் நிறுத்திட்டாங்க. சொன்னா கல்யாணத்தை நிறுத்திருவீங்கன்னு பயந்துதான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். ஷர்மினிக்கு ஒண்ணும் தெரியாது.”

“அலமாக்! சும்மா பழியைத் தூக்கிக்காதீங்க லா” என்று ஷர்மினி பாய்ந்து வந்தாள். “அப்பா, நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். பேலட் கதையைச் சொல்லச் சொன்னதும் நான்தான். எனக்கு அவரத்தான் புடிச்சிருக்கு. ஏத்துமதி ஏறினாலும் புடிக்கும், எறங்குனாலும் புடிக்கும். இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

தனலெட்சுமி கைப்பேசியின் பக்கம் குனிந்தார்.

“தம்பி, ஓவர்டைம் இல்லாம சமாளிக்க முடியுதா? வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லையே?”

“வேலை இருக்கு அத்தை. சமாளிச்சுக்குவேன்.”

“நேரத்துக்குச் சாப்பிடுங்க.”

அப்போது சபாபதி வாய் திறந்தார்.

“எந்த வாரம் விழுந்துச்சு?”

“மாமா?”

“ஆர்டர். போன மாசம் எந்த வாரம்?”

“மொத வாரமே மாமா.”

சபாபதியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். பேரன் பிறந்த செய்தி கேட்டவரைப்போல் இரண்டு கையையும் தூக்கினார்.

“தனம்! அரசாங்கத்துக்கு இன்னிக்குத்தான் தெரியும். மாப்பிள்ளைக்குப் போன மாசம் மொத வாரமே தெரியும்! பேலட் பொய் சொல்லல! மனுஷன்தான் பொய் சொல்லியிருக்கான். பேலட் கரெக்ட்டாத்தான் சொல்லியிருக்கு!”

“ஏங்க, கல்யாணம் உண்டா இல்லியா? அதைச் சொல்லுங்க மொதல்ல.”

“உண்டாவா? இந்த மாதிரிக் குறியீட்ட… மாப்பிள்ளைய விட்டா வேற எங்க தேடுறது? மாப்பிள்ள, ஒரே ஒரு நிபந்தனை. இனிமே உள்ளது உள்ளபடி சொல்லணும்.”

ஷர்மினி அழுதாள், சிரித்தாள், அப்பாவின் முதுகில் ஒரு குத்தும் விட்டாள். தனலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டே பாயசத்துக்கு ஜவ்வரிசி எடுக்கப் போனார். ஒரு தகப்பன் தப்பான காரணத்துக்காகச் சரியான முடிவை எடுத்ததில் எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்துபோனது. குறித்த நாளில் பரிசம் நடந்தது. லாயாங் லாயாங்கில் கோயில் மண்டபத்தில் கல்யாணமும் ஆயிற்று.

இந்தக் கதையை நான் இதுவரை பலபேரிடம் சொல்லியிருக்கிறேன். தம்போயில் பட்டறை வைத்திருக்கும் மனோகரனிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படியும் ஒரு பைத்தியமா என்றார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, அடுத்த மாசம் ஆர்டர் ஏறுச்சா?” என்று கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த புஷ்பவள்ளி அக்காவும் அதையேதான் கேட்டார், கொஞ்சம் தணிந்த குரலில்.

நீங்கள் அப்படியெல்லாம் கேட்கிறவர் இல்லை, எனக்குத் தெரியும். நீங்கள் சுட்டெண் சோசியரா என்ன? இருந்தாலும் சும்மா கேட்கிறேன். சபாபதியைப் பார்த்து இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, நாலு வரிக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது என்று சொன்னேனே, அந்தப் பெண்ணும் பையனும் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றியதா உங்களுக்கு?